கறுவா இலை தீர்ந்தபோது

கடந்த வருடம் மழை தொடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை, காலி மாவட்டத்திலுள்ள எனது உம்மும்மாவின் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டின் பின்னால் கால் ஏக்கர் அளவில் கறுவாத் தோட்டம் இருக்கிறது. மழை பெய்து மண் நனைந்திருக்கும் நாட்களில்தான் கறுவாப் பட்டை தண்டிலிருந்து இலகுவாகக் கழன்று வரும். ஆகவே அன்று வெட்டு நடந்துகொண்டிருந்தது. உரிப்பதற்குத் தண்டுகளை எடுத்துக்கொண்டு, இலையும் கொப்புமாக ஒரு பெரிய குவியலை ஓரத்தில் போட்டிருந்தார்கள். அந்தக் குவியலில் ஏதோ அசைந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தேன். எனது பெருவிரலைவிடத் தடித்த, இளம்பச்சை நிறப் புழு. அரிசி மா தூவியதுபோல் உடம்பெங்கும் வெள்ளைத் தூள். முதுகில் வரிசை வரிசையாக மென்மையான முட்கள். கொப்புகளைப் புரட்டப் புரட்ட இன்னும் கிடைத்தன. பெரியவை மூன்று, சிறியவை எட்டு, எல்லாமாகப் பதினொன்று.

"கறுவாப் புழு. அதக் கொண்டு போய் என்ன செய்யப் போற புள்ள?" என்று உம்மும்மா கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. ஆனால் தோட்டமே வெட்டப்பட்ட பிறகு அவை எதைத் தின்னும் என்ற எண்ணம் விடவில்லை. ஒரு சப்பாத்துப் பெட்டியில் கறுவாக் கொப்புகளோடு அவற்றை வைத்து, பஸ்ஸில் எங்கள் நகரத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

போத்தல் தண்ணீரில் வைத்த கறுவாக் கொப்புகள் நான்கு நாட்கள் தாக்குப் பிடித்தன. அதன் பிறகு இலைகள் சுருண்டு காய்ந்துவிட்டன. எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கறுவாச் செடி கிடையாது. முற்றத்தில் இருந்ததையெல்லாம் பறித்துப் போட்டுப் பார்த்தேன். முருங்கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பப்பாளியின் மேல் ஊர்ந்து கடந்தன. செவ்வரத்தையையும் சீண்டவில்லை. கிணற்றடிக் கொய்யா இலையை மட்டும், ஒரு நாள் முழுவதும் யோசித்த பிறகு, சிறிய புழுக்களில் ஆறு கடித்துத் தின்னத் தொடங்கின. மற்ற இரண்டு சிறியவையும் செத்துப்போயின. பெரிய மூன்றும் கொய்யாவைத் தொடவேயில்லை. அவற்றில் இரண்டு நாளுக்கு நாள் சுருங்கி இறந்தன. மூன்றாவது, பட்டினியோடேயே அவசரமாக ஒரு சிறிய கூட்டைக் கட்டிக்கொண்டது.

பாடசாலையில் உயிரியல் டீச்சரிடம் இதைச் சொன்னபோது, அவர் என்னைத் தேற்றவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "பிழை கொய்யா இலையிலா, நீங்க அதைக் கொடுத்த நேரத்திலா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை. தேடிப் போனபோது, உலகில் காட்டுப் பட்டு வளர்க்கும் ஏழைக் குடும்பங்கள் எல்லாம் ஒவ்வொரு பருவத்திலும் இதே கேள்வியோடுதான் வாழ்கின்றன என்பதை அறிந்துகொண்டேன்.

தப்ரபேனின் பெயர் தாங்கிய பூச்சி

நான் கொண்டுவந்த புழு, அட்லஸ் அந்துப்பூச்சி இனத்தைச் சேர்ந்த ஒன்றின் குடம்பி. எமது நாட்டிலும் தென்னிந்தியாவிலும் காணப்படும் இனத்துக்கு 'அட்டக்கஸ் டப்ரோபேனிஸ்' என்று பெயர். இலங்கையின் அந்துப்பூச்சிகளைப் பற்றி 19ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதிய பிரெடெரிக் மூர் வைத்த பெயர் அது. எமது தீவைப் பழைய கிரேக்கர்கள் அழைத்த 'தப்ரபேன்' என்ற பெயர் இந்தப் பூச்சியோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறகை விரித்தால் 20 சென்ரிமீற்றரையும் தாண்டும் செங்கபில நிறப் பூச்சி இது.

இதுவும் பட்டு நூற்கும் பூச்சிதான். அட்லஸ் பூச்சியின் பட்டுக்கு 'பகாரா' என்று பெயர். அதன் நூல் மல்பெரிப் பட்டைப் போல் ஒரே இழையாக வராது. துண்டு துண்டாக, கம்பளி போன்ற கபில நிற நாராக வரும். தாய்வானில் இதன் வெறுங்கூடுகளைச் சில்லறை போடும் பணப்பைகளாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இந்தப் பூச்சிகளைப் பற்றி ஒரு விடயத்தை நாம் முதலில் மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். சிறகு முளைத்த பின் இவை எதையும் உண்பதில்லை. உண்பதற்கேற்ற வாயுறுப்புகள் வளர்ந்த பூச்சிக்குக் கிடையாது. பறப்பதற்கும் துணை தேடுவதற்கும் முட்டையிடுவதற்கும் தேவையான அத்தனை சத்தையும் புழுவாக இருந்த காலத்திலேயே சேமித்துக்கொள்ள வேண்டும். கூடு கட்டும் பட்டும் அந்த இலையிலிருந்து கிடைத்த புரதமே. ஆகவே புழுவுக்கு நாம் கொடுக்கும் இலை ஒரு வேளைச் சாப்பாடு அல்ல. ஒரு முழு ஆயுளுக்கான சேமிப்பு.

நான்கு வகைப் பட்டு

எங்கள் வீட்டில் பட்டு என்றால் உம்மாவின் அலுமாரியில் இருக்கும் கலியாணச் சாரிதான். பட்டு எமது ஆண்களுக்கு ஆகுமானதல்ல, பெண்களுக்கு ஆகுமானது. ஆகவே வாப்பாவுக்கும் நானாவுக்கும் அந்த அலுமாரித் தட்டில் வேலையில்லை. உம்மாவின் சாரி மல்பெரிப் பட்டு. நாம் கடைகளில் காணும் பட்டில் பெரும்பங்கு அதுவே.

மல்பெரிப் பட்டுப்புழு மனிதனால் ஆயிரக்கணக்கான வருடங்களாக வீட்டுக்குள் வளர்க்கப்பட்டு வருவது. இப்போது அதன் பூச்சிக்குப் பறக்கவும் தெரியாது. அது மல்பெரி இலையையே நம்பி வாழ்கிறது. இதற்கு வெளியே உள்ள பட்டுகளைக் காட்டுப் பட்டு என்கிறோம். இந்தியாவில் இவற்றுக்கு 'வன்யா' என்று பெயர். தசர், எரி, முகா என்பன அவற்றுள் முக்கியமானவை. மல்பெரியோடு சேர்த்து இந்த நான்கையும் வணிக ரீதியில் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா மட்டுமே. இவற்றின் உணவுத் தாவரங்களை ஆராய்வதற்கென்றே மத்திய பட்டு வாரியம் ராஞ்சியில் தசருக்கும், அசாமின் ஜோர்ஹாட் அருகே முகாவுக்கும் எரிக்கும் ஆராய்ச்சி நிலையங்களை வைத்திருக்கிறது. இலை ஒன்றைப் பற்றி ஒரு நிலையமே ஆராய்கிறது என்றால், அதற்குள் எவ்வளவு விடயம் இருக்க வேண்டும்!

மூன்று கதவுகள்

புழு ஓர் இலையை உணவென்று எப்படி அறிகிறது? ஜப்பானிய விஞ்ஞானி யசுஜி ஹமமுரா மல்பெரி இலையைப் பிரித்து ஆராய்ந்து இதற்கு அழகான விடை கண்டார். அவரது ஆய்வின்படி இலைக்குள் மூன்று வகைப் பொருட்கள் இருக்கின்றன. முதலாவது, புழுவைத் தூரத்திலிருந்து இழுக்கும் மணப் பொருட்கள். சிட்ரல், லினலூல் போன்றவை. இரண்டாவது, இழுக்கப்பட்டு வந்த புழுவைக் கடிக்கத் தூண்டுபவை. பீற்றா சிற்றோஸ்டெரோல் இதில் ஒன்று. மூன்றாவது, கடித்ததைத் தொடர்ந்து விழுங்கச் செய்பவை. செலுலோசு இதில் சேரும். மணம், கடி, விழுங்கல் என்ற மூன்று கதவுகளும் திறந்தால்தான் இலை வயிற்றுக்குள் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. புழுவின் வாயருகே உள்ள நுண்ணிய சுவை உறுப்புகள், வேண்டாத இரசாயனம் பட்டவுடன் "வேண்டாம்" என்று அறிவித்துவிடும். அந்த உறுப்புகளை ஆய்வுகூடத்தில் அகற்றினால், அதுவரை மறுத்த இலைகளையும் புழு தின்னத் தொடங்கும் என்று கண்டிருக்கிறார்கள். அதாவது பல வேளைகளில் புழுவைத் தடுப்பது வயிறல்ல, நாக்கு.

இன்னொன்றும் நடக்கிறது. முட்டையிலிருந்து வந்தது முதல் ஒரே இலையைத் தின்று வளர்ந்த புழு அந்தச் சுவைக்குப் பழகிவிடுகிறது. பிறந்த அன்று கொடுத்திருந்தால் ஏற்றிருக்கக்கூடிய வேறோர் இலையை, வளர்ந்த பிறகு கொடுத்தால் மறுத்துவிடுகிறது. பலவகைப் புழுக்களில் இது அவதானிக்கப்பட்டிருக்கிறது.

இங்கேதான் டீச்சரின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. அட்லஸ் புழு இயற்கையிலேயே கொய்யா மரத்திலும் காணப்படும் ஒன்று. கறுவா, கொய்யா, தோடை, அன்னமுன்னா என்று அதன் பட்டியல் நீளமானது. கொய்யா இலையில் பிழையில்லை. கறுவாவுக்குப் பழகி முடிந்த பெரிய புழுக்களுக்குக் கடைசிக் கட்டத்தில் நான் அதைக் கொடுத்ததே பிழை. கொய்யாவை ஏற்றுக்கொண்டவை எல்லாம் சிறியவையாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆமணக்கு இல்லையென்றால்

மாற்று இலையின் பயனை நன்கு அறிய வேண்டுமானால் அசாமின் எரிப் பட்டைப் பார்க்க வேண்டும். அசாமிய மொழியில் ஆமணக்குக்கு 'எரா' என்று பெயர். அந்த இலையைத் தின்னும் புழுவின் பட்டு 'எரி' ஆயிற்று. எமது தமிழ் வைத்திய நூல்களிலும் ஆமணக்குக்கு 'ஏரண்டம்' என்று ஒரு பெயர் உண்டு. இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லின் பிள்ளைகள். ஆக, ஒரு பட்டின் பெயரே அதன் இலையைச் சொல்கிறது.

எரி வளர்ப்பு பெரும்பாலும் பெண்களின் வேலை. வீட்டுக்குள்ளேயே மூங்கில் தட்டுகளிலோ, தொங்கவிட்ட இலைக் கொத்துகளிலோ புழுவை வளர்க்கிறார்கள். எரிப் புழு கட்டும் கூட்டின் ஒரு முனை திறந்திருக்கும். ஆகவே மல்பெரிப் பட்டைப் போல் ஒரே இழையாக இழுக்க முடியாது. பஞ்சைப் போல் நூற்க வேண்டும். துணி கம்பளியைப் போல் வெதுவெதுப்பாக இருக்கும். பூச்சி வெளியேறிய பின்பும் அந்தக் கூட்டை நூற்கலாம் என்பதால் உயிரைக் கொல்லாத பட்டு என்றும் இதைச் சொல்கிறார்கள். எனினும் வடகிழக்கு இந்தியாவின் பல சமூகங்களில் கூட்டுப்புழு விரும்பி உண்ணப்படும் உணவு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

எரிப் புழு நான்கு முறை தோலுரித்து ஐந்து பருவங்களைக் கடக்கிறது. அது தன் வாழ்நாளில் தின்னும் இலையில் மிகப் பெரும் பகுதியைக் கடைசியான ஐந்தாம் பருவத்திலேயே தின்றுவிடும். முதல் இரண்டு கிழமைகளும் ஒரு கைப்பிடி இலை போதும். அதைப் பார்த்து ஏமாந்து அதிக புழுக்களை வைத்திருக்கும் வீட்டில், கடைசிக் கிழமையில் கூடை கூடையாக இலை தேவைப்படும். ஆமணக்கு பருவத்துக்குப் பருவம் விதைத்து வளர்க்கப்படும் செடி. வறட்சி வந்தால், அல்லது விதைக்கப் பிந்தினால், சரியாக அந்தக் கடைசிக் கிழமையில் இலை தீர்ந்துவிடும். ஒரு மாத உழைப்பும் அத்தோடு போய்விடும்.

அந்த இடத்தில்தான் மாற்றுத் தாவரங்கள் கைகொடுக்கின்றன. ஆமணக்குக்கு அடுத்தபடியாக அசாமியர் நம்புவது 'கெசெரு' என்ற மரத்தை. அது பல வருடங்கள் நின்று இலை தரும். அதன் பின் மரவள்ளி, பெருமரம், பப்பாளி, குமிழ், எமது நாட்டில் அரலியா என்று அழைக்கப்படும் ஈழத்தலரி ஆகியவை வருகின்றன. ஆமணக்கும் மரவள்ளியும் ஒரே தாவரக் குடும்பம். ஆனால் கெசெரு, பப்பாளி, அரலியா ஆகியவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத குடும்பங்கள். இவ்வளவு வேறுபட்ட இலைகளை ஒரு புழு ஏற்பது வியப்புக்குரியது.

ஆனால் 'ஏற்கிறது' என்பதோடு கதை முடிவதில்லை. ஆமணக்கில் வளர்ந்த எரிப் புழுவோடு ஒப்பிட்டால், மரவள்ளியில் வளர்ந்தது கூடு கட்ட அதிக நாட்கள் எடுக்கும். கூடும் இலேசாக இருக்கும். பப்பாளி, அரலியா போன்றவை அதற்கும் கீழே. இவை உயிரைக் காப்பாற்றும் இலைகள். செல்வம் சேர்க்கும் இலைகள் அல்ல. வளர்ப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். அதனால்தான் இவற்றை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள்.

மரவள்ளியும் நாங்களும்

மரவள்ளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 இல் எமது நாட்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்களை நாம் யாரும் மறக்கவில்லை. அரிசியும் பாணும் விலை ஏறியபோது எங்கள் வீட்டிலும் பல இரவுகள் அவித்த மரவள்ளியும் தேங்காய்ப்பூவும் கட்டைச் சம்பலும்தான். உம்மா அதை ஒரு குறையாகக் காட்டவில்லை. "இண்டக்கி ஸ்பெஷல்" என்று சொல்லித்தான் தட்டில் போடுவார். ஆனால் இஞ்சி சேர்ந்த எதையும் அன்று வீட்டில் வைக்கமாட்டார். மரவள்ளியும் இஞ்சியும் சேர்ந்தால் நஞ்சு என்ற நம்பிக்கை எமது நாட்டில் அவ்வளவு ஆழமானது.

இஞ்சியின் கதை எப்படியோ, மரவள்ளியில் நஞ்சு இருப்பது உண்மை. அதன் கிழங்கிலும் இலையிலும் லினமரின் என்ற பொருள் உண்டு. செடியின் கலம் நசுங்கும்போது அதிலிருந்து ஐதரசன் சயனைட்டு வெளியாகும். தோலைச் சீவி, திறந்த பாத்திரத்தில் நன்றாக அவிப்பதன் மூலமே நாம் அதை உணவாக்குகிறோம். எரிப் புழுவோ அடுப்பும் இல்லாமல், தண்ணீரும் இல்லாமல், பச்சை இலையையே தின்று செரிக்கிறது. அந்த நஞ்சைச் சமாளிக்கும் ஆற்றல் அதன் உடலிலேயே இருக்கிறது.

தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கங்களில் மரவள்ளி பெருமளவில் பயிரிடப்படுகிறது. அங்கே கிழங்குக்காகவே செடி நடுகிறார்கள், இலை வீணாகிறது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இலையைப் பறித்தாலும் கிழங்கின் விளைச்சல் குறையாது என்பதால், அந்த இலையில் எரிப் புழு வளர்க்கும் முயற்சிகள் அங்கே நடந்திருக்கின்றன. புதிய நிலம் வேண்டாம், புதிய மரம் வேண்டாம். இருக்கும் பயிரின் மிச்சத்தில் ஒரு மேலதிக வருமானம். கூடு கொஞ்சம் இலேசாக இருந்தாலும், இலைக்குச் செலவில்லை என்றால் அந்தக் குடும்பத்துக்கு அது இலாபமே. மாற்று இலை 'நல்லதா கெட்டதா' என்பதை இலையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. யாருடைய வீட்டில், எந்த நிலைமையில் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இலை மாறினால் பட்டும் மாறும்

சில வேளைகளில் மாற்று இலை இரண்டாம் தரமாக இல்லாமல் முதல் தரத்தையும் மிஞ்சிவிடும். அசாமின் முகாப் பட்டு இயற்கையிலேயே பொன்னிறமானது. 2007 இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. முகாப் புழு முக்கியமாக 'சோம்', 'சுவாலு' என்ற இரண்டு மரங்களில் வளர்கிறது. அதே புழுவை 'மெஜாங்கரி' என்ற மரத்தில் வளர்த்தால், பொன்னிறத்துக்குப் பதிலாகப் பாலாடை போன்ற வெண்மையில் பட்டு கிடைக்கும். இது மிக உயர்ந்ததாக மதிக்கப்பட்டது. புழு ஒன்றுதான், மரம் மாறியதால் நூலின் நிறமே மாறிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு இன்னொரு மகிழ்ச்சியும் காத்திருந்தது. சோம், சுவாலு, மெஜாங்கரி ஆகிய மூன்றும் லோரேசியே குடும்பத்தைச் சேர்ந்தவை. அதாவது உம்மும்மாவின் கறுவாவும் அந்தப் பொற்பட்டு மரங்களும் ஒரே குடும்பம்.

தசர்ப் பட்டின் கதை வேறு. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா மாநிலங்களின் காடுகளில் மருது, கருமருது, சால் மரங்களில் தசர்ப் புழு வளர்கிறது. இவை கிடைக்காத இடத்தில் இலந்தை, நாவல் போன்றவற்றையும் தின்னும். ஆனால் பஸ்தர் பகுதியில் சால் மரக்காட்டில் வாழும் 'ரைலி' என்ற தசர் வகையை இதுவரை வீட்டு வளர்ப்புக்குப் பழக்க முடியவில்லை. மக்கள் காட்டுக்குள் சென்று கூடுகளைச் சேகரித்தே கொண்டுவருகிறார்கள். சால் காடு அழிந்தால் அந்தப் பட்டும் இல்லை. எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு என்று நினைப்பவர்களுக்கு ரைலி ஒரு பாடம்.

எதையும் தின்னும் புழு நல்ல புழுவா?

அப்படியானால் பல இலைகளையும் தின்னும் புழுவே சிறந்ததா? இதற்கும் வரலாறு ஒரு விடை வைத்திருக்கிறது. பிரான்ஸில் பிறந்து அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் மெட்போர்ட் என்ற ஊரில் வாழ்ந்தவர் எத்தியேன் லியோபோல்ட் துருவெலோ. பட்டுக்காக அமெரிக்கக் காட்டுப் பட்டுப்புழுக்களைப் பெரிய அளவில் வளர்த்தவர். 1860களின் இறுதியில் அவர் ஐரோப்பாவிலிருந்து வேறொரு அந்துப்பூச்சியையும் கொண்டுவந்து தன் வீட்டில் வளர்த்தார். அது தப்பி வெளியேறியது. 'லைமன்ட்ரியா டிஸ்பார்' என்ற அந்தப் புழு, ஓக் மரம் தொடங்கி நூற்றுக்கணக்கான மர வகைகளைத் தின்னக்கூடியது. அன்று தப்பிய பூச்சியின் பரம்பரை இன்றுவரை வட அமெரிக்கக் காடுகளை மொட்டையடித்துக்கொண்டிருக்கிறது.

வளர்ப்பவருக்கு வசதியாகத் தோன்றும் அதே குணம், காட்டுக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே வெளிநாட்டுப் புழுவைக் கொண்டுவந்து நம் மரங்களில் பழக்குவதைவிட, நம்மூர்ப் புழுவுக்கு நம்மூர் மரங்களில் மாற்றுத் தேடுவதே பாதுகாப்பான வழி.

மாற்று இலையைச் சோதிப்பது எப்படி?

நான் செய்த பிழைகளிலிருந்தும் வாசித்தவற்றிலிருந்தும் கற்றுக்கொண்டதை, பூச்சி வளர்க்க ஆசைப்படும் தங்கைமாருக்காக இங்கே தொகுத்துத் தருகிறேன்.

முதலாவது, குருட்டுத்தனமாக எல்லா இலையையும் போட்டுப் பார்க்கக் கூடாது. அந்தப் புழு இயற்கையில் வேறு எந்த மரத்தில் காணப்படுகிறது என்பதையும், பழைய உணவுத் தாவரத்தின் குடும்பத்தில் வேறு எவை உள்ளன என்பதையும் முதலில் தேட வேண்டும்.

இரண்டாவது, சோதனையை முட்டையிலிருந்து வெளிவந்த அன்றே தொடங்க வேண்டும். புழுக்களை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்குப் பழைய இலையையும் மற்றப் பங்குக்குப் புதிய இலையையும் கொடுக்க வேண்டும். ஒப்பிட எதுவும் இல்லாத சோதனை சோதனையே அல்ல.

மூன்றாவது, இடையில் மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால், புழு தோலுரித்து முடித்துப் பசியோடு எழும் வேளையில் ஒரே முறை மாற்ற வேண்டும். முன்னும் பின்னுமாக இலையை மாற்றிக்கொண்டிருந்தால் புழு குழம்பிப் பட்டினி கிடக்கும்.

நான்காவது, சிறிய புழுவுக்குக் கொழுந்திலையும் வளர்ந்த புழுவுக்கு முற்றிய இலையும் தேவை. ஈரம் சொட்டும் இலையும் மருந்து தெளித்த இலையும் ஆகாது.

ஐந்தாவதுதான் மிக முக்கியமானது. புழு தின்றுவிட்டது என்பதைக் கொண்டு திருப்திப்படக் கூடாது. எத்தனை பிழைத்தன, கூடு கட்ட எத்தனை நாள் எடுத்தன, பூச்சி போன பின் வெறுங்கூட்டின் நிறை என்ன, அந்தப் பூச்சி இட்ட முட்டைகள் எத்தனை, அவற்றில் எத்தனை பொரித்தன என்று அடுத்த தலைமுறை வரை எண்ண வேண்டும். இலை நல்லதா என்பதை அப்போதுதான் சொல்லலாம்.

எனது ஆறு புழுக்களில் ஐந்து, கொய்யா இலைகளைச் சுருட்டி அதற்குள் கூடு கட்டின. பிறகு உம்மும்மாவின் தோட்டத்து வேலியோரம் இரண்டு பழைய வெறுங்கூடுகள் கிடைத்தன. எல்லாக் கூடுகளும் வெறுமையான பின் பாடசாலை ஆய்வுகூடத்து இலத்திரனியல் தராசில் நிறுத்துப் பார்த்தேன். கறுவாவில் கட்டிய இரண்டையும்விடக் கொய்யாக் கூடுகள் ஐந்தும் இலேசாகவே இருந்தன. "ஐந்தும் இரண்டும் ஒரு முடிவுக்குப் போதாது" என்று டீச்சர் சொன்னார். அவர் சொல்வது சரி. அதனால் கொய்யா கறுவாவுக்குக் குறைந்தது என்று நான் இங்கே எழுதவில்லை. எனது புழுக்களுக்கு நான் அதைப் பிந்திக் கொடுத்தேன் என்று மட்டும் எழுதுகிறேன்.

முதலாவது பூச்சி வெளிவந்தது ஒரு சுபஹ் நேரம். ஜன்னலில் கட்டியிருந்த நுளம்பு வலையில், ஈரச் சிறகுகளை மெல்ல விரித்தபடி தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு பருத்த பெண் பூச்சி. உம்மா தொழுதுவிட்டு வந்து வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு ஒரு கரண்டியில் சீனித்தண்ணீர் கொண்டுவந்தார்.

"அதுக்கு வாயே இல்ல உம்மா. புழுவா இருக்கக்க தின்டதோட சரி," என்றேன்.

"அப்ப நீ குடுத்த கொய்யா எல தான் இதுக்கு எல்லாமே?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். இறந்துபோன நான்கும் அப்போது நினைவுக்கு வந்தன.

அன்றே அதை மூடிய பெட்டியில் வைத்து, வாப்பாவோடு உம்மும்மாவின் வீட்டுக்குப் போனோம். வெட்டிய கறுவா அடிக்கட்டைகளில் இருந்து செந்நிறத் தளிர்கள் முழங்கால் உயரத்துக்குக் கிளம்பியிருந்தன. கறுவா அப்படித்தான், வெட்ட வெட்ட முளைக்கும். பூச்சியை வேலியோரம் ஒரு கொப்பில் விட்டோம். மஃரிபுக்குப் பிறகு போய்ப் பார்த்தபோது அது அங்கே இல்லை.

இப்போது உம்மும்மா வெட்டுக்கு ஆட்கள் வரும் நாளை முன்கூட்டியே எனக்குச் சொல்லியனுப்புகிறார். வேலியோரத்தில் நான்கு கறுவா மரங்களை வெட்டாமல் விடச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பக்கத்தில் ஒரு கொய்யாக் கன்றும் நட்டிருக்கிறோம்.

தரம் 13, உயிரியல் பிரிவு